யோன் டீ என்பவர் சரித்திரம்

மந்திரமார்க்கத்திற் புகுந்தோர் யாவரும் கல்வியில்லாதவரென்றும், பிறரை ஏய்த்துப் பொருள் பறிப்பவரென்றும் நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். அத்தகையோர் எந்நாட்டிலும் உளர். அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும், தங்காலத்துக் கல்வியின் உச்சியிலே நின்றுகொண்டு, இரவும் பகலும் நூலும் எழுதுகோலுமாயிருந்து, அக்கல்வியின் வழியாகவே அம்மார்க்கத்திற் புகுந்தாரும் உளர். அவருள் ஒருவர் 16-ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்து தேசத்தில் விளங்கிய யோன் டீ என்பவர். அவர் எங்ஙனம் படித்தார், எதனை நம்பினார், அந்நம்பிக்கை அவரை எங்கே கொண்டுசென்றது என்பனவற்றை, பிள்ளைகளுக்குப் படிக்கும் முறையைக் கற்பிக்குந் தொழிலையுடைய ஆசிரியர்கள் அறிதல் தகுமென்று கருதி இதனை எழுதப் புகுந்தோம். அவரைப்பற்றி வழங்குங் கட்டுக்கதைகள் மிகப்பல. அவற்றை விடுத்து, அவர் தங்கையால் எழுதிவைத்த குறிப்புக்களினாலும் பிற சாதனங்களினாலும் துணியப்பட்டவற்றையே கூறுவோம்.

டீ 1527-ஆம் வருஷம் யூலை மாசம் 13-ந் திகதி இலண்டன் நகரிலே பிறந்தார். அவர் தந்தையாராகிய றோலண்டு டீ ஆடை வணிகர். எட்டாம் ஹென்றி அரசனுடைய அரண்மனையிலே பணிவிடை செய்பவராயும் இருந்தார். முன்னோர் வேல்சு நாட்டினர். டீ 1542-ஆம் வருஷத்திலே, பதினைந்து வயதினராய், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பரியோவான் கல்லூரியிற் புகுந்தார். அங்கே அவர் தமக்கு விதித்துக்கொண்ட நியமம் கேட்போர் வியக்கத்தக்கது. நாளொன்றுக்கு நித்திரைக்கு 4 மணித்தியாலம். உணவிற்கும் அதன்பின் இளைப்பாறுதற்கும் 2 மணித்தியாலம். எஞ்சிய 18 மணித்தியாலமும், தேவாலயத்துக்குச் செல்லும் நேரந் தவிர, படிப்புக்கே. இக்கணக்கை அவர் தமது 65-ஆம் வயதிலே, தம்முடைய வறுமையை எலிசபெத்து மகாராணியாரின் அதிகாரிகளுக்கு எடுத்துரைத்தபொழுது எழுதினார். முதியோர் தம் இளமைக்காலப் படிப்பைச் சற்றே கூட்டிச் சொல்லுதல் உலகியல்பு. ஒருபாகத்தைக் கழித்துவிடினும் எஞ்சுவது நம்மிற் பெரும்பாலார்க்கு எட்டாததேயாம்.

1546-ஆம் வருஷத்திலே அரசன் திரித்துவக் கல்லூரியை நிறுவியபொழுது டீ அதன் முதற்றொகுதி ஆசிரியருள் ஒருவராய்க் கிரேக்க பாஷை கற்பிக்க நியமிக்கப்பட்டார். அங்கே அரிஸ்தோபனீசு என்னுங் கிரேக்க கவியின் நாடகமொன்றை மாணாக்கர் நடித்தபொழுது, பெரிய வண்டொன்று ஒருவனையும் உணவுக்கூடையையுஞ் சுமந்துகொண்டு மண்டபத்தின் மேலெழும்பும்படி இவர் பொறியமைத்தார். கண்டோர் பலர் அது பொறியென்று நம்பவில்லை. பொறி செய்த வேலையைப் பேயின் வேலையென்றனர். இவரை மந்திரவாதியென்று உலகம் முதன்முதற் சொல்லியது இவர் மந்திரஞ் செய்ததற்கன்று, கணிதஞ் செய்ததற்கே என்பது குறிக்கத்தக்கது. அக்காலத்து இங்கிலாந்திலே கணிதமும் சூனியமும் பாமரர் மனத்தில் ஒன்றாகவே கிடந்தன.

தம் நாட்டிலே கணிதம் கற்பிப்பார் குறைவாயிருத்தலைக் கண்ட டீ, 1547-இலும் அதன்பின்னும் கடல்கடந்து சென்று, லூவேன் நகரிலே கெம்மா பிறீசியசு, மெர்காத்தோர் முதலிய பூகோள பண்டிதரோடு பழகினார். தேசப்படம் வரைதலிலே இன்றும் வழங்கும் முறையொன்றுக்குப் பெயர் தந்த மெர்காத்தோர் அவரே. அவர் செய்த கோளங்கள் இரண்டையும் டீ தங் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். 1550-இலே பாரிசு நகரத்தில், 23 வயதினராய், யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தைப் பிரசங்கித்தபொழுது மண்டபம் நிறைந்து, இடமில்லாதோர் சன்னல்களுக்கு வெளியே நின்று கேட்டனர். அங்கும் பிற இடங்களிலும் தந்த உத்தியோகங்களை ஏலாது தாய்நாட்டுக்கே மீண்டார்.

தாய்நாடு 1555-இலே அவரைச் சிறையிலிட்டது. மேரி அரசியாருக்கும் அவர் தங்கையாராகிய எலிசபெத்துக்கும் சாதகங் கணித்தார், மந்திரத்தினால் அரசியாருக்குத் தீங்கு சூழ்ந்தார் என்பன குற்றங்கள். விசாரணையிலே இராசத்துரோகக் குற்றத்தினின்று நீங்கினாரேனும், சமயக்கொள்கை ஆராயப்படும்பொருட்டு இலண்டன் மேற்றிராணியாரிடம் ஒப்புவிக்கப்பட்டுப் பின்னரே விடுதலை பெற்றார். அடுத்த வருஷத்திலே, தம்மைச் சிறையிட்ட அதே அரசியாருக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் யாது? மடங்கள் இடிக்கப்பட்டமையாற் சிதறிக்கிடக்கும் பழைய ஏட்டுப்பிரதிகளைத் தேடிக்கூட்டிப் பிரதிசெய்து, அரசாங்கப் புத்தகசாலையொன்றை அமைக்கவேண்டுமென்பதே. அதற்காகும் பணத்தை அரசியார் பெரிதுங் கொடுக்கவேண்டுவதில்லையென்றுங் காட்டினார். ஒருவருஞ் செவிசாய்க்கவில்லை. ஆகவே தாமே சேர்க்கத் தொடங்கினார்.

தேம்ஸ் நதிக்கரையிலே மோட்லேக் என்னும் ஊரில் அவர் தாயாருடைய வீடு இருந்தது. அங்கே அறைமேல் அறை கட்டி அவர் வைத்த புத்தகசாலை 1583-இலே மூவாயிரத்துக்கு மேற்பட்ட அச்சுநூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையுங் கொண்டிருந்தது; நாலாயிரம் என்று அவரே பின்னர்க் கணக்கிட்டார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பொதுப் புத்தகசாலையில் அந்நாளில் இருந்தவை இதிற் பன்மடங்கு குறைந்தவை. அறிஞரும் மாலுமிகளும் அங்கே வந்து படித்தனர். 1575-இலே எலிசபெத்து மகாராணியார் பரிவாரத்தோடு அப்புத்தகசாலையைப் பார்க்க வந்தார். டீயின் மனைவியார் இறந்து அடக்கஞ் செய்யப்பட்டு நாலு மணித்தியாலமே கழிந்திருந்ததை அறிந்து, வீட்டினுட் புகாது, வெளியே நின்றபடி அவர் காட்டிய அற்புதக் கண்ணாடியொன்றை மாத்திரம் பார்த்துச் சென்றார்.

அவர் படித்த முறையைச் சிறிது விரித்துக் கூறவேண்டும். அது நமக்கு நன்றாய்த் தெரிந்திருப்பதற்குக் காரணம் அவர் படித்த நூல்கள் இன்றும் இருத்தலே. எழுதுகோலில்லாமல் அவர் நூலைத் திறந்தாரல்லர். வேண்டிய அடிகளுக்குக் கீழே கோடிடுவார். சிறந்த இடத்துக்கு நேரே ஓரத்திலே சுட்டுவிரல் நீட்டிய கையொன்றை வரைவார். ஆசிரியர் சொன்னதனோடு உடன்படாதவிடத்து மறுப்பெழுதுவார். மற்றொரு நூலிலே அப்பொருள் வருமிடத்தைக் குறிப்பார். சாதகங்களையும் வானிலையையும் வந்தோர் போனோரையும், பஞ்சாங்கத்தைப் போன்ற கிரகநிலை அட்டவணைப் புத்தகங்களின் ஓரங்களிலே நாடோறும் எழுதினார். பிறர் அறியலாகாதவற்றை ஆங்கிலச் சொல்லிலே கிரேக்க எழுத்தினால் எழுதினார். வாசித்ததைத் தம்முடையதாக்கிக்கொள்ளும் வழி இதுவே என்பதில் எமக்கு ஐயமில்லை. நூலின் ஓரத்தில் எழுதுவது குற்றமென்று மாணாக்கரைத் தண்டிக்கும் ஆசிரியர்கள், அது யாருடைய நூல் என்பதை மாத்திரம் பார்த்துக்கொள்வாராக.

இனி, அவருடைய கொள்கை. கடவுள் உலகத்தை எண்ணினாலும் அளவினாலும் நிறையினாலும் படைத்தார்; ஆதலின் எண்ணை அறிந்தவன் படைப்பின் உள்ளமைப்பை அறிவான் என்பது அதன் அடிப்படை. கணிதப்பொருள், கண்ணாற் காணப்படும் பொருளுக்கும் காணப்படாத தெய்விகப் பொருளுக்கும் நடுவே நின்று இரண்டிலும் பற்றுடையது என்றார். வானத்துள்ள ஒவ்வொரு கோளும், விளக்கு ஒளிவிடுமாறு, தன் சத்தியை எல்லாப் பொருள்மேலும் வீசுகின்றதென்று 1558-இலே அச்சிட்ட சூத்திரநூலிற் கூறினார். கோள்களின் குறிகளையெல்லாம் ஒரே குறியினுள் அடக்கி, அக்குறியினின்று சோதிடம், இரசவாதம், எண் என்பனவெல்லாம் விரிவதாகக் காட்டும் நூலை 1564-இலே 12 நாளில் எழுதி முடித்து, மக்சிமிலியன் என்னும் அரசனுக்குச் சமர்ப்பித்தார். அந்நூலைக் கற்றோரிலும் விளங்கினோர் சிலரே. யாமும் அச்சிலருட் சேர்ந்தேமல்லேம்.

1570-இலே பில்லிங்ஸ்லி என்பவர் யூக்கிளிட்டை முதன்முதல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டபொழுது டீ எழுதிய முகவுரை இதற்கு முற்றும் வேறானது. இலத்தீன் அறியாத தச்சரும் கொத்தரும் மாலுமியும் தத்தம் பாஷையிலே கணிதங் கற்றாற் புதுக்கருவிகளைக் கண்டுபிடிப்பரென்று அதிலே விரித்துரைத்தார். அப்பதிப்பிலே கனவுருவங்களைக் கூறும் பகுதியில், மாணாக்கன் மடித்து நிமிர்த்திப் பார்க்கும்படி காகிதத் துண்டுகளை ஒட்டியிருந்தனர். 400 வருஷங்களுக்கு முன்னே இவ்வளவு நன்றாய்க் கற்பித்தல்முறையை எண்ணியிருந்தனர். அம்முகவுரையின் ஈற்றிலே, தம்மைச் சூனியக்காரனென்று தூற்றுவோரை நொந்தெழுதியுமுள்ளார்.

வடகடல் வழியாகச் சீனதேசஞ் செல்லப் புறப்பட்ட மாலுமிகளுக்கு டீ வழிகாட்டினார். பிரித்தானிய சாம்பிராச்சியம் என்னுஞ் சொற்றொடரை எழுத்தில் முதலில் வழங்கினோருள் ஒருவர் அவரே. 1948 வரையும் அச்சாம்பிராச்சியத்தின் கீழிருந்த இத்தீவினர்க்கு இச்செய்தி சிறிது வியப்பைத் தரலாம். 1583-இலே பாப்பரசர் திருத்திய பஞ்சாங்கத்தை ஆராய்ந்து, திருத்தத்தை ஏற்கலாமென்று கணக்கோடு காட்டினார். இங்கிலாந்து மேற்றிராணிமார் தடுத்தமையால் அத்தேசம் 1752 வரையும் பிழைத் திகதியையே வழங்கியது.

இத்துணைக் கல்வியுடையவர் பளிங்குக் கல்லின் முன் ஏன் உட்கார்ந்தார்? தாம் படித்த நூல்களினால் மனம் நிறையாமையே காரணமென்பது அவர் எழுதிய பிரார்த்தனைகளினால் விளங்குகின்றது. பல நாடுகளிலுந் தேடியும், உலகத்தின் உண்மைகளைத் தெளிவாய்ச் சொல்லும் மனிதனையோ நூலையோ கண்டிலேன் என்பது அவர் முறையீட்டின் கருத்து. விவிலியத்திலே ஏனோக்கு முதலிய முன்னோர்க்குக் கடவுள் தேவதூதர் வாயிலாக அறிவூட்டினார் என்றிருத்தலால், தமக்கும் அங்ஙனம் ஊட்டுவாரென்று நம்பினார். தாஞ் செய்தது சூனியமென்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை. உண்ணாநோன்பும் தோத்திரமும் பாவமன்னிப்பு வேண்டுதலுமே அவருடைய கிரியைகள். பேயை ஏவுவோரை அவரும் வெறுத்தார்.

நம் நாட்டிலே மைபோட்டுப் பார்ப்போர், வெற்றிலையிலே தடவிய மையைத் தாம் பாராமற் சிறுவனொருவனைப் பார்க்கச்செய்து, அவன் சொல்வதைக் கேட்பதுபோல, மேலைத்தேசத்தாருங் கல்லைப் பார்ப்பதற்கு வேறொருவனை வைத்தனர். டீ ஒருமுறை தாமே கல்லிற் கண்டதாகக் குறித்துள்ளாரேனும், காட்சி அவர்க்குப் பெரும்பாலும் வாய்க்கவில்லை. ஆதலால் ஆளைத் தேடினார். 1582-ஆம் வருஷம் மார்ச்சு மாசத்திலே எட்வேட் கெலி என்னும் இளைஞன், தன் பெயர் தால்பொட் என்று பொய்சொல்லி, மோட்லேக் வீட்டுக்கு வந்தான். டீக்கு 54 வயது, கெலிக்கு 26. அன்றுதொட்டு ஐந்து வருஷம் இருவரும் பெரும்பாலும் சேர்ந்தேயிருந்தனர்.

நான்கு காலிலும் முத்திரை தாங்கிய மேசை, அதன்மேல் மெழுகிலே வெட்டிய வட்டமுத்திரை, செம்பட்டு விரிப்பு, அதன்மேற் பளிங்கு. பிரார்த்தனை முடிந்தபின் கெலி கல்லை நோக்கிக் கண்டதுங் கேட்டதுஞ் சொல்வான். டீ அருகே வேறு மேசையிலிருந்து சொல் விடாமல் எழுதுவார். வினாவையும் விடையையும், நாழிகையையும், கெலி சினந்து எழுந்துபோனதையுங்கூட எழுதினார். ஆதாமும் தேவதூதரும் பேசிய மொழியென்று 21 எழுத்துடைய பாஷையொன்று இவ்வாறு கிடைத்தது. 1584-இலே போலந்து தேசத்துக் கிராக்கோ நகரத்தில், அம்மொழி மந்திரங்கள், சத்தி மிக்கன நேரே சொல்லலாகாவென்று, முதலில் ஈற்றெழுத்திலிருந்து ஒவ்வோரெழுத்தாய்ப் பின்னோக்கிச் சொல்லப்பட்டன. டீ சலியாது எழுதி, தலைமாற்றி, பிரித்துச் சொல்லாக்கினார். இளமையிலே 18 மணித்தியாலம் படித்த அதே பொறுமைதான் இது. பொருள்தான் மாறிற்று.

அந்நகரத்திலே நிகழ்ந்த ஒன்றை யாம் இச்சரித்திரத்தின் மையமாகக் கருதுகின்றோம். உலகத்து நாடுகளையும் அவற்றை ஆளுந் தேவதூதரையும் கல்லின் வாயிலாகக் கேட்டு எழுதிய சில நாளிலே, கெலி அக்கிரிப்பா என்பவருடைய மந்திரநூலொன்றைக் கையிலேந்தி டீயிடம் வந்தான். அதிலே தொலமி என்னும் பழைய பூகோள ஆசிரியரைத் தழுவி வரையப்பட்ட நாட்டுப்பெயர்களைக் காட்டி, நம்முடைய தேவதூதர் கூறியவை இந்நூலிலிருந்து எடுத்தவையே, ஆகவே அவர் வஞ்சகரென்று வாதித்தான். வஞ்சனை செய்தவனென்று நாம் ஐயுறுபவனே வஞ்சனையென்று சொல்கின்றான்! டீ யாது செய்தார்? மகிழ்ந்தார். தேவதூதர் சொன்னதற்கு அச்சுநூலுஞ் சான்றாயிற்று என்று கொண்டார்.

டீ அந்நூலை அறியாதவரல்லர்; அது அவருடைய புத்தகசாலையிலும் இருந்தது. பிரதியோடு பிரதியை ஒப்புநோக்கி, எது எதிலிருந்து வந்ததென்று துணிவதிலே தேர்ந்தவர் அவர். ஒரு மாணாக்கன் எழுதிய விடை அவன் பக்கத்திலிருந்தவன் விடையோடு எழுத்துக்கெழுத்து ஒத்திருந்தால், இருவரும் உண்மையறிந்தாரென்று எந்த ஆசிரியர் மகிழ்வார்? கெலி இவ்வாறு ஐயமெழுப்பியது ஒருமுறையன்று. ஒவ்வொருமுறையும் அவனைத் தேற்றிக் கல்லின் முன் மீளவும் இருத்தியவர் டீயே. அறியாமையால் ஏமாந்தவரென்று அவரைச் சொல்லுதல் பொருந்தாது. பிறர் நூலின்மேற் செலுத்திய ஆராய்ச்சியைத் தாம் வேண்டிநின்ற விடையின்மேற் செலுத்த மறுத்தார் என்பதே யாங் கொள்ளும் முடிவு. ஆயினும் அவருக்குரிய புகழையும் மறைக்கலாகாது. கெலியின் அக்குற்றச்சாட்டு நமக்குத் தெரிவது டீ அதனை மறையாது எழுதிவைத்தமையாலேயே.

போலந்துக்கு அவர்களை அழைத்துச் சென்றவன் லாஸ்கி என்னும் பிரபு. 1583 செத்தெம்பரிலே, நூல்களுக்கெல்லாம் அட்டவணை எழுதி முடித்த சில நாளில், டீ மனைவி மக்களோடு மோட்லேக்கை விட்டு நீங்கினார். லாஸ்கியிடம் பொருளில்லையென்று அறிந்தபின் பிறாக் நகரஞ் சென்று, 1584-இலே உருதோல்பு சக்கரவர்த்தியைக் கண்டு, அவர் பாவங்களைத் தேவதூதர் கண்டித்ததாக அவர் முகத்துக்கெதிரே சொன்னார். சக்கரவர்த்தி அவரை மறுபடியும் அழைக்கவில்லை. 1586-இலே பாப்பரசரின் தூதர் முறையிட்டமையால் நாட்டினின்று நீக்கப்பட்டு, றோசம்பேர்க்கு பிரபுவின் ஆதரவிலே திரெபோன் என்னும் ஊரில் தங்கினார். அங்கே 1587-இலே, இருவரும் தத்தம் மனைவியரைப் பொதுவாக்கிக்கொள்ளவேண்டும் என்று கல்லிலிருந்து கட்டளை பிறந்தது. டீயின் மனைவியாராகிய யேன் அம்மையார் கேட்டு நடுங்கி அழுதார். டீயும் வருந்தினார்; ஆனால் இது தேவதூதர் கட்டளையோ என்று கெலியின் வாய்ச்சொல்லை அன்றி வேறெதனையும் வினாவ அவருக்கு வழியில்லை. நால்வருங் கைச்சாத்திட்டனர். இதற்குமேல் எழுத எமக்கு மனமில்லை. சின்னாளில் அக்காட்சிகள் நின்றன. கெலி இரசவாதியென்று பேர்பெற்றுப் பொகீமியாவிலே தங்கி, வீரப்பட்டமும் பின்பு சிறையும் பெற்று மாண்டான்.

1589 திசெம்பரிலே டீ மோட்லேக்குக்கு மீண்டபொழுது புத்தகசாலை கொள்ளைபோயிருந்தது. பேய்க்கஞ்சிய ஊரார் எரித்தனரென்று கதை வழங்கும். ஆராய்ந்தோர் காண்பது வேறு. நூலின் அருமையறிந்தோரே, அவருட் பழைய மாணாக்கரும், எடுத்துச்சென்றனர். நிக்கொலஸ் சோண்டர் என்பவர் டீயின் பெயரைச் சுரண்டி, அதன்மேல் தம் பெயரை எழுதிய நூல்கள் இன்றும் உள்ளன. நூலை இரவல் கொடுத்து இழந்த ஆசிரியர்கள் இதனை நன்கு உணர்வர்.

எலிசபெத்து மகாராணியார் 1595-இலே அவரை மாஞ்செஸ்தர் கல்லூரித் தலைவராக்கினார். அங்குள்ளோர் அவரை மதிக்கவில்லை. அப்பகுதியிலே ஒரு வீட்டில் ஏழுபேர் பேய்பிடித்தவராய் அலைந்தபொழுது வீட்டுத்தலைவன் டீயைத் துணைவேண்டினான். அவர் அதிலே தலையிடாது, நல்ல போதகரை அழைத்து நோன்பும் பிரார்த்தனையுஞ் செய்விக்கும்படி சொல்லி, அங்கே மந்திரஞ் செய்த ஒருவனைக் கண்டித்து அனுப்பினார். 1600-இலே, தமக்குக் கல் பார்த்த ஹிக்மன் என்பவன் சொன்னவை பொய்யென்று கண்டு, அவற்றை எழுதிய தாள்களைச் சாட்சிகளின் முன் எரித்தார். 1607-இலே, எண்பதை அணுகிய முதுமையில், அந்த ஹிக்மனையே மறுபடியுங் கல்லின் முன் இருத்தினார்.

1604-இலே யேம்சு அரசனிடம், தாஞ் சூனியக்காரனாயிற் கொல்லுக, தம்மை விசாரித்து உண்மை துணிக என்று விண்ணப்பஞ் செய்தார். அரசன் ஏற்கவில்லை. 1605-இலே யேன் அம்மையார் கொள்ளைநோயால் இறந்தார். மகள் கதறின் துணையோடு மோட்லேக்கிலே, உணவுக்காக நூல்களை ஒவ்வொன்றாய் விற்றுக்கொண்டிருந்து டீ இறந்தார். அது 1608 திசெம்பரிலென்பர் ஒருசாரார். 1609 மார்ச்சிலென்பர் மற்றொருசாரார்.

கல்லின் முன் எழுதிய குறிப்புக்களில் ஒருபகுதியை 1659-இலே கசோபன் என்பவர் அச்சிட்டு, வந்தவை தேவதூதரல்ல, பேய்களே என்றார். மற்றொருபகுதி ஒரு பெட்டியின் இரகசிய அறையிலே கிடந்து, 1662-இலே அதனை விலைக்கு வாங்கியிருந்த வீட்டிலே வெளிப்பட்டது. சமையற்பெண் அவற்றிற் பாதியளவைப் பலகாரத்தட்டுக்குக் கீழே இட்டு அழித்தபின், எஞ்சியவற்றை 1672-இலே அஷ்மோல் என்னும் அறிஞர் பெற்றுக் காத்தார். டீயினுடையதென்று வழங்குங் கரிய கண்ணாடியொன்று இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் உளது. அது மெக்சிக்கோ தேசத்து எரிமலைக் கல்லென்று 2021-இலே சோதித்துத் துணிந்தனர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இங்கிலாந்தில் தோன்றிய மந்திரச் சங்கத்தார் அவருடைய தேவதூத பாஷையை எடுத்துக்கொண்டனர். அதனைப் பயில்வோர் இன்றும் பலர். அவர் படித்த நூல்களிலே நூற்றுக்கு மேற்பட்டவை இலண்டன் அரச வைத்தியர் கல்லூரியிலே இருக்கின்றன. 2016-இலே அவற்றைப் பொதுமக்கள் காண வைத்தனர். அவற்றுட் சிசரோ என்பவரின் நூலொன்றிலே, கடற்பயணத்தைக் கூறுமிடத்துக்கு நேரே, பாய்விரித்த கப்பலொன்றை டீ ஓரத்தில் வரைந்திருக்கின்றார்.